மூதூர் வயல் ரோட்டுக்கு எக்ஸ்பல்ஸ் சரிவருமா?

பதிலளிப்பவர்: திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்தும் திருத்துநர்

கேள்வி

ஐயா, நான் உப்புவெளியில் வசிக்கிறேன். வயது 34. விவசாய வெளிக்கள உத்தியோகத்தராக மூதூர்ப் பக்கம் வேலை. கிண்ணியா தாண்டி மூதூர் வரை நல்ல கார்ப்பட் வீதி. அதற்கப்பால் கிரவல், குளக்கட்டு, வாய்க்கால் ஓரம் என்று நாளுக்கு 15 கிலோமீற்றர் வரும். எல்லாமாக ஒரு நாள் ஓட்டம் 90 கிலோமீற்றர் அளவு. இப்போது வைத்திருப்பது டிஸ்கவர் 125. போன மாரியில் இரண்டு தரம் விழுந்தேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி இலகுவான அட்வென்சர் பைக் ஒன்று எடுக்கச் சொல்கிறார்கள் கூட்டாளிமார். என் உயரம் 5 அடி 5 அங்குலம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி, 4 வயது மகளோடு தம்பலகாமத்தில் இருக்கும் மாமி வீட்டுக்கு பைக்கில்தான் போவோம். வருடத்தில் ஒரு தரமாவது நக்கிள்ஸ் மலைப் பக்கம் போகவும் ஆசை. டிஸ்கவரை விற்று, மிச்சத்துக்கு லீசிங் போட்டு வாங்க யோசிக்கிறேன். லைசன்ஸ் ஏ வகுப்பு. இந்த பைக் எனக்குச் சரிவருமா?

வாசகர், உப்புவெளி

பதில்

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை ஆறுதலாகக் கதைப்போம். இந்த வகை பைக் உங்கள் வேலைக்குப் பொருந்தும். உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. டிஸ்கவரை வீட்டில் வைத்துக்கொண்டே இதை வாங்க வசதி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். டிஸ்கவரை விற்றால்தான் வாங்கலாம் என்றால் இந்த வருடம் வேண்டாம்.

மூதூர் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல். மாரி தொடங்கி நாலு மழை பெய்தால் வயல் ரோட்டெல்லாம் களி. டிஸ்கவர், பல்சர், சிடி 100 போன்றவற்றில் முன் மட்கார்ட் ரயரை ஒட்டியே நிற்கிறது. களி அதற்குள் ஏறி இறுகிவிட்டால் சில்லு சுற்றாது. ஹாண்டிலைத் திருப்பினாலும் பைக் நேரே வழுக்கிக்கொண்டு போகும். மாரி மாதங்களில் வயல்வெளியிலிருந்து எங்கள் கராஜுக்கு வருகிற பைக்குகளுக்குச் செய்யும் முதல் வேலையே மட்கார்டைக் கழற்றி, களியைக் குத்தி எடுப்பதுதான். எக்ஸ்பல்ஸ் போல மண் ரோட்டுக்கென்றே செய்த ட்ரெயில் வகை பைக்குகளில் மட்கார்டுக்கும் ரயருக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் உங்கள் வேலைக்கு என்ஜின் சீசீயை விட இதுதான் பெரிது.

அடுத்தது முன் சில்லு. எக்ஸ்பல்ஸின் முன் சில்லு 21 அங்குலம், உங்களுடையது 17. சில்லு பெரிதானால் குழியின் விளிம்பிலோ கல்லிலோ மோதுகிற கோணம் குறைகிறது. அதனால் இடித்து நிற்காமல் ஏறி உருண்டு போகும். முன் ஷொக்கான ஃபோர்க் 190 மில்லிமீற்றர் வரை அமுங்கி எழும்பும், பின்பக்கம் 170. சாதாரண பைக்கில் முன்பக்கம் 120, 130 அளவுதான் வரும். நிலத்திலிருந்து என்ஜின் அடி 220 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. மதகுக் கல்லில் என்ஜின் அடிபடுகிற சத்தத்தை நீங்கள் டிஸ்கவரில் கேட்டிருப்பீர்கள், அது பெரும்பாலும் இல்லாமல் போகும். ஒரு நாளில் 15 கிலோமீற்றர் கிரவல் என்பது கொஞ்சமில்லை. வருடம் முழுக்க அந்த அடியை வாங்குவது உங்கள் முதுகுதான்.

சரி, இப்போது நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம். இரண்டு தரம் விழுந்தேன் என்கிறீர்கள். எங்கே விழுந்தீர்கள்? பைக் மாற்றுவதா வேண்டாமா என்பது பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

வயலுக்குள் களியில் விழுந்திருந்தால் மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கு உதவும். மழை நேரத்தில் கார்ப்பட் வீதியில் பிரேக் பிடித்து விழுந்திருந்தால் கதை வேறு. கட்டை ரயருக்கு, அதாவது மண்ணைப் பிடிக்கப் பெரிய பட்டன்கள் தள்ளித் தள்ளி வைத்த ரயருக்கு, ஈரத் தாரில் பிடி குறைவு, ஏனென்றால் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. 21 அங்குல முன் ரயர் அகலமும் குறைந்தது. அதோடு மென்மையான, நீளமாக அமுங்குகிற ஃபோர்க் பிரேக் பிடித்தவுடன் மூக்கைக் கீழே போடும். அந்த விழுகைக்கு இந்த பைக் மருந்தாகாது. இன்னும் ஒரு இடம் இருக்கிறது. கிரவலிலிருந்து கார்ப்பட்டில் ஏறுகிற விளிம்பு. வீதிக்குச் சமாந்தரமாக வந்து சரிவாக ஏற்றப் பார்த்தால் முன் சில்லு அந்த விளிம்பில் வழுக்கும்; எந்த பைக்கானாலும் வழுக்கும். நேராகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து ஏற வேண்டும். எங்களிடம் வருகிற முழங்கால் காயக்காரர்களில் கனபேர் இந்த விளிம்பில் விழுந்தவர்கள்தான்.

களியில் விழுந்ததுதான் என்றாலும் புது பைக்குக்கு முன்னால் டிஸ்கவரில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, ஆழமான பட்டன் வைத்த 17 அங்குல ரயரைப் பின்னால் போடுங்கள். முன் மட்கார்டை ஒரு வொஷர், ஒரு தகடு வைத்து முடிந்தளவு உயர்த்தலாம், செலவு சொற்பம். வயல் ரோட்டில் இறங்கும்போது ரயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, கார்ப்பட் ஏறியதும் மறுபடி அடியுங்கள். சின்னக் கைப் பம்ப் ஒன்று சீற்றுக்குக் கீழே கட்டி வைக்கலாம். ரியூப் போட்ட ரயர் என்பதால் மிச்சமாகக் குறைக்கக் கூடாது. குறைத்தால் ரயர் ரிம்மில் நழுவி, ரியூப்பின் வால்வை அறுத்துவிடும். களியில் முன் பிரேக்கைத் தொடாமல் பழகுங்கள். இதெல்லாம் செய்து இந்த மாரியில் கொஞ்சம் ஓடிப் பார்த்தால், உங்களுக்குத் தேவையானது பைக்கா ரயரா என்பது தெரிந்துவிடும்.

இனி 'இலகுவான' பைக் என்கிற கதை. எக்ஸ்பல்ஸ் 200 நாலு வால்வ் பைக் பெற்றோலோடு 158 கிலோ அளவு. ஹிமாலயன் 411 பைக்கின் 199 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்தால் இலகுதான். உங்கள் டிஸ்கவர் 120 கிலோ சுற்றி வரும். ஆக, இன்று நீங்கள் தூக்குவதை விட கிட்டத்தட்ட 40 கிலோ கூட. ஒரு முழு உர மூட்டையை விடக் கொஞ்சம்தான் குறைவு. ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது. வாய்க்கால் கரையில், உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில், களிக்குள் சரிந்து கிடக்கும்போதுதான் தெரியும். ஆகவே கடையில் ஏறி இருந்து பார்ப்பது போதாது. இதே பைக் வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்டு, புல் தரையில் மெதுவாகச் சாய்த்து, தனியாகத் தூக்கிப் பாருங்கள். முதல் தரம் எல்லோரும் தூக்கிவிடுவார்கள். உடனேயே இரண்டாவது தரம் தூக்க முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் வயலில் நடக்கப்போவது.

உயரம் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. சீற் 825 மில்லிமீற்றர், டிஸ்கவர் 800 சுற்றி. நீங்கள் ஏறி இருந்தவுடன் ஷொக் அமுங்கி சில சென்ரிமீற்றர் இறங்கும். 5 அடி 5 அங்குலக்காரருக்கு இரண்டு பாதமும் முழுதாக ஊன்றாது, ஒரு காலை வடிவாக ஊன்றலாம். தார் ரோட்டில் அது போதும். குளக்கட்டில் சரிவான பக்கமாகக் கால் வைக்க வேண்டி வந்தால் போதாது. நிற்கப் போகும்போது மேட்டுப் பக்கம் எது என்று முதலே பார்த்து வைக்கிற பழக்கம் வர வேண்டும். ஒன்று கவனியுங்கள், இதே பெயரில் 'ப்ரோ' என்றொரு வகை இருக்கிறது. அதன் சீற் 891 மில்லிமீற்றர். பாவித்த பைக் ஒன்றை மலிவாகச் சொல்கிறார்கள் என்று போய் அதை எடுத்து வந்துவிடாதீர்கள். நிற்கும் ஒவ்வொரு சந்தியிலும் கஷ்டப்படுவீர்கள்.

அப்புறம், வீட்டுக்கு ஏன் பொருந்தாது என்கிறேன்? உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரி. என்னைக் கேட்டால் கடிதத்தின் முக்கியமான இடமே அதுதான். தம்பலகாமத்துக்கு அவர் சாரி கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத்தானே இருப்பார்? இந்த பைக்கில் பின் சீற் இன்னும் உயரம், ஒடுக்கம். ஒரு பக்கமாக ஏறி இருக்க எட்டாது. எட்டினாலும் பாரம் முழுக்க ஒரு பக்கம் உயரத்தில் நிற்க, கீழே நீங்கள் ஒற்றைக் காலில் சமாளிக்க வேண்டும். சாரி சில்லில் சிக்காமல் இருக்கத் தடுப்புக் கம்பியும் காலுக்குப் படியும் டிஸ்கவரில் இருக்கிறது. இதில் அப்படிக் கீழே தொங்குகிற படியைப் பொருத்தினால் வயல் ரோட்டில் அது இடிபடலாம். சைலென்சரும் மேலே தூக்கிக் கட்டியது. மூடி இருந்தாலும் சூடு தெரியும்.

மகளை முன்னால் டாங்கில் வைத்துப் போவதென்றால், அதை எந்த பைக்கிலும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். உயரமான பைக்கில் கட்டாயம் வேண்டாம். நிற்கும்போது கொஞ்சம் சரிந்தாலே பிடிக்க முடியாது. ஞாயிறில் பஸ்ஸோ ஓட்டோவோ பிடியுங்கள்.

வாங்குவதென்று தீர்மானிக்க முன்னர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், பின்னால் ஏற்றி, ஒரு சின்ன ஓட்டம் ஓடிப் பாருங்கள். இறங்கியதும் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இனிக் காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பைக்குகளின் விலையும் ஏறிப்போய்விட்டது. 2025 இல் இறக்குமதியைத் திறந்தாலும் வரியோடு சேர்த்துப் புதியவை மலிவில்லை. லீசிங் போடும் எல்லோரும் மாதத் தவணையை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் பெற்றோலையும் அதோடு கூட்டுங்கள். மாதத்தில் 22 நாள், நாளுக்கு 90 என்றால் 2000 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். டிஸ்கவர் லீற்றருக்கு 55 ஓடுகிறது, எக்ஸ்பல்ஸ் 40 ஓடுகிறது என்று வைத்தால், முதலாவதற்கு 36 லீற்றர், இரண்டாவதற்கு 50. மாதம் 14 லீற்றர் கூட. அதோடு உங்கள் ஓட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு கார்ப்பட் என்பதால், கட்டை ரயர் போட்டால் பின் ரயர் கெதியாகத் தேயும். தாருக்கும் மண்ணுக்கும் நடுத்தரமான ரயரோடு ஓடுங்கள், படத்தில் பார்க்கிற முரட்டு ரயர் உங்களுக்கு வேண்டாம்.

பழைய ஜப்பான் ட்ரெயில் பைக்குகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விலை விசாரிக்கப் போனால் யாராவது ஒரு செரோ, ஒரு ஜெபல், ஒரு பஜா காட்டத்தான் போகிறார்கள். யமஹா செரோ 250 அருமையான பைக், 130 கிலோ அளவுதான். உங்கள் வேலைக்கு எக்ஸ்பல்ஸை விடவே பொருத்தம் என்பேன். சிக்கல் எங்கேயென்றால், இங்கே சுற்றுகிற பலதுக்கு வயது அதிகம். இரண்டு பைக்கைச் சேர்த்து ஒன்றாக்கியதும் இருக்கும். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் நீங்களே துடைத்துப் பார்த்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகம் 'கொழும்பில் இருக்கிறது, பிறகு தாறன்' என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். புத்தகம் சரியாக இருந்தாலும், கார்புரேட்டர் சாமான் ஒன்றுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். வேலைக்கு ஓடுகிற ஒரே பைக் அப்படி நின்றால் உங்களுக்குச் சரிவராது.

புதிதோ பழசோ, கையெழுத்துப் போட முன்னர் டவுனில் பார்ட்ஸ் கடைகளில் ஒரு சுற்று சுற்றி, 21 அங்குல ரியூப், கிளட்ச் கேபிள், பிரேக் பட் மூன்றும் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். 17, 18 அங்குல ரியூப் எந்தப் பெட்டிக்கடைப் பக்கத்திலும் கிடைக்கும். 21 அப்படியில்லை. கைவசம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மூதூருக்கு அப்பால் பஞ்சரானால் ஒட்டுப்போடுகிறவரிடம் அது இருக்காது.

கம்பிச் சில்லும் கடல் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உப்புவெளிக்காரருக்குத் தெரியும். வீட்டு வாசலில் நிற்கும்போதே கம்பிகளின் அடியில் துரு பிடிக்கும். கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு ஒயில் பூசினால் போதும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் மண் புழுதி ஏர் பில்டரை அடைத்துவிடும். ஆனி, ஆடி, ஆவணியில் சேர்விஸ் புத்தகத்தில் எழுதிய தூரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் அடிக்கடி திறந்து பாருங்கள். ஃபோர்க் குழாயில் ஒட்டிய களியைக் காய விடாதீர்கள். காய்ந்த களி ஒயில் சீலை அரைத்துவிடும், பிறகு ஒயில் வடிந்து பிரேக்கில் படும். களிக்குள் ஓடிய பிறகு சில்லுக் கம்பிகள் தளர்ந்திருக்கிறதா என்று இடைக்கிடை ஒரு சாவியால் தட்டிக் கேளுங்கள். இறுக்கமானது கிணீர் என்று கேட்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும்.

வெள்ளம் ஏறின வாய்க்காலைக் கடக்கும்போது நடுவில் என்ஜின் நின்றால் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் அமுக்க முடியாமல் கொனெக்டிங் ரொட் வளையும். தள்ளிக்கொண்டு கரையேறி, பிளக்கைக் கழற்றி, என்ஜினைச் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது. உயரமான பைக் என்ற துணிவில் ஆழம் தெரியாமல் இறக்குவதை இப்போது நிறையப் பார்க்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் பார்க்கிற ஏபிஎஸ் பற்றியும் ஒரு சொல். 2023 இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு எக்ஸ்பல்ஸில் அதற்கு மூன்று நிலை இருக்கிறது: ரோட் (முழு ஏபிஎஸ்), ஓஃப்ரோட் (குறைந்த ஏபிஎஸ்), ரலி (ஏபிஎஸ் இல்லை). கிரவலில் முழு ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டும், ஏனென்றால் சில்லு பூட்டி முன்னால் மண்ணைக் குவித்து நிற்க அது விடாது. ஆகவே கிரவல் இறங்கும்போது ஓஃப்ரோட், கார்ப்பட் ஏறியவுடன் ரோட் என்று மாற்றும் பழக்கம் வேண்டும். மறதிக்காரர் என்றால் ரோட்டிலேயே விட்டுவிட்டு மெதுவாகப் போங்கள். மழைக் கார்ப்பட்டில் ரலியில் ஓடுவதை விட அது மேல்.

நக்கிள்ஸ் ஆசைக்கு இந்த பைக் தேவையே இல்லை. ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் வரை தார் ரோட்டுத்தான், டிஸ்கவரிலும் ஏறலாம், கியர் மாற்ற வேண்டியதுதான் கொஞ்சம் கூட. எக்ஸ்பல்ஸின் 19 குதிரை வலு என்ஜினிலும் 80 வேகத்தில் ஆறுதலாகப் போகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். எந்த பைக்கில் போனாலும் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிய பிறகு ஓடாதீர்கள். அங்கே யானை ரோட்டில் நிற்பது லைட் வெளிச்சத்துக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

லைசன்ஸ் சரி. 100 சீசீக்கு மேல் ஏ வகுப்பு, டிஸ்கவருக்கே அதுதானே வேண்டும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இந்த ஒழுங்கில்: இந்த மாரிக்கு டிஸ்கவருக்குப் பின் ரயரை மாற்றுங்கள், மட்கார்டை உயர்த்துங்கள். தை மாதம் தாண்டியதும் கையில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்கவரை விற்காமல் தவணை கட்ட முடிகிறது என்றால் எக்ஸ்பல்ஸை வேலைக்கு எடுங்கள், டிஸ்கவர் மனைவியை ஏற்றிப் போகவும் கடைகண்ணிக்கும் இருக்கட்டும். இரண்டாவது பைக் நிற்க இடமில்லை, வாகன வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்ஸும் இரண்டுக்கும் கட்ட ஏலாது என்றால் ரயர் மாற்றிய டிஸ்கவரோடேயே இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள். எடுத்தால், கோப்புகள் வைக்கிற பெட்டியைப் பின்னால் உயரத்தில் கட்ட வேண்டாம். உயரமான பைக்கில் மேலே பாரம் ஏறினால் குளக்கட்டில் திருப்பும்போது இழுக்கும். சீற்றுக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற தண்ணீர் புகாத பை ஒன்றே போதும், சைலென்சர் பக்கத்துப் பையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள்.